பூனையில் தொடங்கிய பைபாஸ்

இதயத்தைத் திறந்து உள்ளே கைவைக்க வேண்டுமானால் அதன் வழியாக ஓடும் ரத்தத்தை முதலில் வேறு வழிக்குத் திருப்ப வேண்டும். வெறுமனே தடுத்துவிட்டால் மூளைக்கு ரத்தம் போகாது. வழக்கமான உடல் வெப்பநிலையில் நாலைந்து நிமிடங்களுக்கு மேல் மூளையால் அதைத் தாங்க முடியாது. இந்த முட்டுக்கட்டையை அகற்றியது இதய-நுரையீரல் இயந்திரம். சிரைகளில் திரும்பி வரும் ரத்தத்தை அது உடலுக்கு வெளியே இழுத்து, கரியமில வாயுவை நீக்கி, ஆக்ஸிஜனை ஏற்றி, மீண்டும் தமனிக்குள் செலுத்துகிறது. கரோனரி அடைப்புக்கு மாற்றுக் குழாய் பொருத்துவது, பழுதான வால்வை மாற்றுவது, குழந்தையின் இதயத்தில் உள்ள துளையை மூடுவது ஆகியவற்றில் பெரும்பாலானவை இன்றும் இந்த இயந்திரத்தின் துணையோடுதான் நடக்கின்றன. பம்ப் ஓடும்போது அருகில் அமர்ந்து அதைக் கவனித்துக்கொள்வதற்கென்றே பெர்ஃபியூஷனிஸ்ட் என்ற தனித் தொழிலே உருவாகிவிட்டது.

இந்த இயந்திரத்தை வரைபடத்திலிருந்து நேராக அறுவை அரங்குக்குக் கொண்டுவர முடியவில்லை. குழாயில் தண்ணீரை ஓட்டிப் பார்ப்பது எளிது. ரத்தம் அப்படிப்பட்டதல்ல. கண்ணாடியோ எஃகோ பட்டால் உறையத் தொடங்கிவிடும். பம்பின் அழுத்தத்தில் சிவப்பணுக்கள் நசுங்கி உடையும். அவற்றிலிருந்து கசியும் ஹீமோகுளோபின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிறு காற்றுக் குமிழி மூளைக்குப் போய்விட்டால் அதுவே போதும். இவற்றில் எது எந்த அளவில் உயிரைக் குடிக்கும் என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்ல 1930களில் யாராலும் முடியவில்லை. அதனால் விடை தேடி விலங்குகளிடம் போனார்கள். இயந்திரத்துக்குள் ரத்தம் உறையாமல் காக்கும் ஹெப்பாரினுக்கே மூலம் விலங்குதான். 1916இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மெக்லீன் என்ற மாணவர் தொடங்கிவைத்த ஆய்வு, நாயின் ஈரலிலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுப்பதில் போய் முடிந்தது. 1920களில் சோவியத் ரஷ்யாவில் செர்கேய் புருகோனென்கோ தம் கருவியை நாய்களில் பொருத்தி ரத்த ஓட்டத்தை நிலைநிறுத்திக் காட்டினார்.

மனிதருக்குப் பயன்பட்ட இயந்திரத்தின் கதை பாஸ்டனில் தொடங்குகிறது. 1930களின் தொடக்கத்தில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி அடைத்த பெண் ஒருவரை இரவு முழுவதும் கண்காணிக்கும் பொறுப்பு இளம் மருத்துவர் ஜான் கிப்பனுக்கு வந்தது. காலையில் அறுவைச் சிகிச்சை செய்தும் அவர் பிழைக்கவில்லை. அந்தக் கட்டியைத் தாண்டி ரத்தத்தைக் கொண்டுபோக வழி இருந்திருந்தால் என்ற எண்ணம் கிப்பனை விடவில்லை. ஆய்வுக்கூடப் பணியாளராக இருந்து அவரை மணந்துகொண்ட மேரியும் அவரும் சேர்ந்து பூனைகளில் பரிசோதனை தொடங்கினார்கள். அப்போது பாஸ்டனில் தெருப்பூனைகளைப் பெருமளவில் பிடித்துக் கொன்றுவந்தார்கள். மீன் துண்டையும் சாக்குப்பையையும் எடுத்துக்கொண்டு இரவில் கிப்பனே போய்ப் பூனை பிடித்து வந்தார்.

கருவியின் மையப் பகுதி சுழலும் உருளைதான். அதன் உட்சுவரில் ரத்தம் மெல்லிய படலமாகப் படரும். படலத்தின் மேல் ஆக்ஸிஜன் பாயும். கழுத்துச் சிரையிலிருந்து எடுக்கப்பட்ட ரத்தம் உருளையைத் தாண்டித் தொடைத் தமனிக்குத் திரும்பும். நுரையீரல் தமனியைச் சுற்றியிருந்த கவ்வியை முழுவதும் இறுக்கிய பிறகும் பூனையின் ரத்த அழுத்தம் சரியாமல் நின்றது 1935 மே மாதத்தில். கணவனும் மனைவியும் கட்டிப்பிடித்து ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே ஆடினார்கள் என்று கிப்பன் பின்னாளில் நினைவுகூர்ந்தார். நான்கு ஆண்டுகளுக்குள் சில பூனைகள் இயந்திரத்திலிருந்து விடுபட்டு மாதக்கணக்கில் உயிரோடு இருந்தன.

பூனைக்குப் போதுமான படலப் பரப்பு மனிதருக்குப் போதாது. இங்கேதான் வேலை நீண்டது. உலகப் போரில் பணியாற்றிவிட்டுத் திரும்பிய கிப்பன், பிலடெல்பியாவின் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் நாய்களுக்கு மாறினார். ஐபிஎம் நிறுவனம் பொறியாளர்களையும் பணத்தையும் தந்தது. ரத்தம் வழுவழுப்பான பரப்பில் அமைதியாக வழிவதைவிடக் கம்பி வலையின் மேல் சலசலத்து வழிந்தால் பல மடங்கு ஆக்ஸிஜனை ஏற்கும் என்பது தெரிந்து, உருளைக்குப் பதிலாக வலைத்திரைகள் வந்தன. செத்த நாய் ஒவ்வொன்றும் உடற்கூறாய்வு செய்யப்பட்டது. ரத்தக்கட்டிகள் தமனிக்குள் போவது தெரிந்ததும் திரும்பும் குழாயில் வடிகட்டி வைத்தார்கள். இடது கீழறையில் காற்று சிக்குவது தெரிந்ததும் அதை வெளியேற்றத் தனிக் குழாய் போட்டார்கள். தொடக்கத்தில் பத்து நாய்களில் எட்டு செத்தன. 1952 வாக்கில் அது பத்தில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது. இன்று அறுவை அரங்குகளில் ஓடும் இயந்திரத்திலும் தமனி வடிகட்டியும் காற்றை வெளியேற்றும் குழாயும் இருக்கின்றன. அவை அங்கே இருப்பதற்குப் பெயர் தெரியாத அந்த நாய்களும் காரணம் என்பதைச் சொல்லாமல் இதய அறுவையின் வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது.

1952இல் முதல் நோயாளியான 15 மாதக் குழந்தை இறந்தது. மேலறைகளுக்கு நடுவே துளை என்று எண்ணித் திறந்தார்கள். கோளாறு வேறிடத்தில் இருந்தது. 1953 மே 6 அன்று 18 வயதுப் பெண்ணின் இதயத்துளை மூடப்பட்டது, 26 நிமிடங்கள் இயந்திரமே அவரது இதயமாகவும் நுரையீரலாகவும் இருந்தது, அவர் பிழைத்தார். அடுத்து இரண்டு சிறுமிகள் இறந்துபோனார்கள். கிப்பன் இயந்திரத்தை ஓராண்டுக்கு நிறுத்திவைத்தார். பிறகு அந்த அறுவையைத் தம் கையால் அவர் செய்யவே இல்லை.

கிப்பனுக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. 1951க்கும் 1954க்கும் இடையில் பல மருத்துவ மையங்களில் இத்தகைய இயந்திரங்களைக் கொண்டு 18 நோயாளிகளுக்கு அறுவை நடந்ததாகப் பதிவாகியுள்ளது. அவர்களில் 17 பேர் இறந்தார்கள். அதே கைகளில் நாய்கள் பிழைத்துவந்த காலம் அது. பழுதான மனித இதயம் நின்று ஓய்ந்தபின் மீண்டும் துடிக்கவே துடிக்காது, இயந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை என்று பலர் முடிவுகட்டிவிட்டார்கள். அந்த முடிவு தவறு என்பது இரண்டே ஆண்டுகளில் தெரிந்தது. ஆனால் அந்த 17 மரணங்கள் எழுப்பும் கேள்வி இன்றும் தீரவில்லை. ஆரோக்கியமான, இளம் வயதுள்ள, இதயத்தில் எந்தக் கோளாறும் இல்லாத விலங்கு ஒரு கருவியைத் தாங்கிவிட்டது என்றால், கருவி ரத்தத்தைச் சுமக்கத் தகுதியானது என்பது மட்டுமே உறுதியாகிறது. பல ஆண்டு நோயில் தளர்ந்த இதயமும் விறைத்த நுரையீரலும் கொண்ட குழந்தை அதைத் தாங்குமா என்பது வேறு கேள்வி. விலங்குச் சோதனையை மனிதச் சோதனைக்கான உரிமமாக எடுத்துக்கொள்வதுதான் இந்தத் துறையில் திரும்பத் திரும்ப நடந்த பிழை.

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் வால்ட்டன் லில்லிஹையின் குழு எடுத்த பாதை வேறு. பிரிட்டனைச் சேர்ந்த ஆண்ட்ரியசனும் வாட்சனும் நாய்களில் இரு பெருஞ்சிரைகளையும் இறுக்கி, அசைகஸ் என்ற சிறு சிரையின் ரத்தம் மட்டும் இதயத்துக்கு வரும்படி விட்டுப் பார்த்தார்கள். வழக்கமான ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே இருந்தும் நாய்கள் அரை மணி நேரத்துக்கு மேல் மூளைச் சேதமின்றித் தாங்கின. குறைந்த ஓட்டமே சிறிது நேரத்துக்குப் போதும் என்றால் பேரியந்திரம் எதற்கு? இரண்டு நாய்களின் ரத்த ஓட்டத்தைப் பம்பால் இணைத்து, ஒன்றின் நுரையீரலே இன்னொன்றுக்கும் ஆக்ஸிஜன் தரும்படி செய்து பார்த்தது லில்லிஹையின் குழு. 1954 மார்ச்சில் அதையே குழந்தைக்குச் செய்தார்கள். இயந்திரத்தின் இடத்தில் தந்தை படுத்திருந்தார். அப்படி நடந்த 45 அறுவைகளில் 28 பேர் பிழைத்தார்கள். நலமாக இருக்கும் இன்னொருவரையும் அறுவை மேசையில் கிடத்துகிற அந்த முறை நீடித்திருக்க முடியாது. 1955இல் அதே இடத்தில் ரிச்சர்ட் டிவால் உருவாக்கிய குமிழி ஆக்ஸிஜனேற்றி அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. ரத்தத்துக்குள் நேராக ஆக்ஸிஜனை ஊதினால் பால் பொங்குவதுபோல் நுரை பொங்கும். அந்த நுரையை அடக்க சிலிக்கோன் மருந்தும், எஞ்சிய குமிழிகள் மேலேறிப் பிரிய சுருள் குழாயும் உதவின.

மேயோ கிளினிக்கில் ஜான் கிர்க்லின் கிப்பனின் வரைபடங்களைப் பெற்று இயந்திரத்தைச் செம்மைப்படுத்தினார். 1954-55 குளிர்காலத்தில் பத்து நாய்களில் ஒன்பது பிழைக்கும் நிலை வந்த பிறகே 1955 மார்ச்சில் நோயாளிகளிடம் வந்தார். முதல் எட்டுப் பேரில் நால்வர் பிழைத்தார்கள். இன்றைய கண்களுக்கு அது கொடுமையான கணக்கு. 18க்கு 17 என்ற கணக்கோடு ஒப்பிட்டால், ஆய்வுக்கூடத்தில் பொறுமையாக இருந்ததன் பலன் தெரியும். குறைந்த ஓட்டம் போதும் என்ற அசைகஸ் கண்டுபிடிப்பையும் கிர்க்லின் ஏற்கவில்லை; முழு ஓட்டத்தையே தந்தார். பின்னர் நிலைத்தது அவர் வழிதான்.

எந்த விலங்கைத் தேர்ந்தெடுப்பது என்பதும் சில்லறை விஷயமல்ல. நாயின் கரோனரித் தமனிகளுக்கிடையே இயற்கையாகவே இணைப்புக் கிளைகள் நிறைய உண்டு. ஒன்று அடைத்தாலும் பக்கத்துக் கிளை ஓரளவு ரத்தம் தந்துவிடும். பன்றியின் இதயத்தில் அந்தக் கிளைகள் சொற்பம். பெரும்பாலான மனிதருக்கும் அப்படித்தான். ஆகவே கரோனரி சார்ந்த கருவிகளுக்குப் பன்றி பொருத்தமானது. உடலுக்குள் மாதக்கணக்கில் ஓட வேண்டிய பம்புகளுக்குக் கன்றுக்குட்டி வசதி: மார்புக்கூடு பெரிது, டிரெட்மில்லில் நடக்கவிட்டுப் பார்க்கலாம். ஆனால் கன்று வளர்ந்துகொண்டே இருக்கும். சில மாதங்களில் அதன் உடலுக்குப் பம்பு போதாமல் போய்விடும். அதனால் நீண்டகாலச் சோதனைகளுக்கு வளர்ந்த செம்மறியாட்டைத் தேர்கிறார்கள். அதிலும் சிக்கல் உண்டு. அசைபோடும் விலங்கை மல்லாக்கப் படுக்கவைத்தால் இரைப்பையில் வாயு பெருகி உதரவிதானத்தை அழுத்தும். வாய்வழி குழாய் விட்டு வாயுவை வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கவாட்டில் படுக்கவைத்து இடது மார்பைத் திறக்க வேண்டும். மந்தையில் வாழ்ந்த ஆட்டைத் தனியே அடைத்தால் மிரண்டுபோய் இரை எடுக்காது. கவனமுள்ள ஆய்வுக்கூடங்களில் அறுவை முடிந்த ஆட்டின் கண்ணில் படும்படி பக்கத்து அடைப்பில் இன்னொரு ஆட்டைக் கட்டியிருப்பார்கள். இது கருணை மட்டுமல்ல. மிரண்ட விலங்கின் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் வைத்துக் கருவியை எடைபோட முடியாது.

விலங்கு சொன்னதை மனிதர் காதில் வாங்காததற்கு ஹூஸ்டன் நகரச் சம்பவம் சாட்சி. இதய அறுவை மருத்துவர் மைக்கேல் டிபேக்கியின் ஆய்வுக்கூடத்தில், அரசு நிதியில், டொமிங்கோ லியோட்டா முழுச் செயற்கை இதயத்தை உருவாக்கிவந்தார். அது ஏழு கன்றுகளில் பொருத்தப்பட்டது. எதுவும் இரண்டு நாளைத் தாண்டவில்லை. 1969 ஏப்ரல் 4 அன்று அதே நகரின் இன்னொரு இதய அறுவை மருத்துவர் டென்டன் கூலி, டிபேக்கிக்குத் தெரியாமலே, அந்த வகைக் கருவியை 47 வயது நோயாளிக்குப் பொருத்தினார். 64 மணி நேரம் அது ஓடியது. பிறகு இன்னொருவரின் இதயம் பொருத்தப்பட்டும் ஒன்றரை நாளில் நோயாளி இறந்தார். வேறு வழியில்லாத நிலையில் கடைசி முயற்சி அது என்பது கூலியின் வாதம். மருத்துவ அமைப்புகள் அவரைக் கண்டித்தன. சாகப்போகும் மனிதரைக் காப்பாற்றும் துடிப்பைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆயினும் ஏழு கன்றுகளின் சாவும் ஒரே விடையைத் தந்திருந்தது: கருவி இன்னும் தயாராகவில்லை. அந்த விடையை ஒதுக்குவதாக இருந்தால் அந்தக் கன்றுகளை அறுத்திருக்கவே கூடாது.

விலங்கிடம் கேள்வியை அரைகுறையாகக் கேட்டதும் உண்டு. 1955இல் லண்டனின் டெனிஸ் மெல்ரோஸ், பொட்டாசியம் சிட்ரேட்டைச் செலுத்தி இதயத்தை நிறுத்தும் முறையை அறிவித்தார். விலங்குகளில் இதயம் நின்றது. கழுவிவிட்டதும் மீண்டும் துடித்தது. உலகெங்கும் அதைப் பின்பற்றினார்கள். சில ஆண்டுகளில், அந்தச் செறிவில் பொட்டாசியம் இதயத் தசையையே சிதைக்கிறது என்பது தெரிந்து முறை கைவிடப்பட்டது. பொட்டாசியத்தின் மீது குற்றமில்லை, அளவில்தான் பிழை என்பதைக் காட்ட, 1970களில் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் டேவிட் ஹியர்ஸ் தனியே பிரித்தெடுத்த எலி இதயங்களில் ஒவ்வொரு கரைபொருளாக மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. துடிக்கிறதா என்று பார்த்தவர்கள் முதலிலேயே தசையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்திருந்தால் இடையில் போன ஆண்டுகள் மிஞ்சியிருக்கும்.

இயந்திரமே வேண்டாம், துடிக்கும் இதயத்திலேயே தைக்கலாம் என்ற எண்ணம் 1990களில் வலுத்தது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் கோர்னேலியஸ் போர்ஸ்டின் குழு, உறிஞ்சு குவளைகளால் இதயப் பரப்பின் சிறு பகுதியை மட்டும் அசையாமல் பிடிக்கும் ஆக்டோபஸ் என்ற கருவியைப் பன்றிகளில் சோதித்து 1996இல் வெளியிட்டது. தையல் சுத்தமாக விழுந்தது. தசைக்குச் சேதம் சொற்பம். அதைக் கொண்டு ஏராளமான அறுவைகள் நடந்தன. 2009இல் அமெரிக்காவில் 2,203 நோயாளிகளை வைத்து நடந்த ரூபி ஆய்வின் முடிவு வந்தது. ஓராண்டு கழித்து, துடிக்கும் இதயத்தில் தைத்தவர்களிடம் 82.6 விழுக்காடு குழாய்கள் திறந்திருந்தன. இயந்திரத்தின் துணையோடு தைத்தவர்களிடம் 87.8 விழுக்காடு. பன்றி பொய் சொல்லவில்லை. இளம் பன்றியின் சீரான தமனியில் தைக்க முடியுமா என்ற கேள்விக்கு அது சரியாகவே பதில் சொன்னது. அறுபது வயதில் சுண்ணாம்பு படிந்து சுருங்கிய தமனியில் அந்தத் தையல் ஓராண்டு நிற்குமா என்று அதனிடம் கேட்க வழியே இல்லை. பைபாஸுக்குப் பின் சிலருக்கு வரும் நினைவுத் தடுமாற்றம், கவனக்குறைவு போன்றவையும் அப்படித்தான். பெயர்களை மறந்துபோகிறதா என்று செம்மறியாட்டிடம் சோதிக்க முடியாது.

கேள்வியைச் சரியாகக் கேட்டதற்கு இந்தியாவிலிருந்தே நல்ல உதாரணம் உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம்.எஸ்.வலியத்தானின் தலைமையில் உருவான இதய வால்வின் முதல் மாதிரிகள் ஆய்வுக்கூடத்திலேயே தோற்றன. செயற்கை நீலமணியால் தட்டு செய்த மாதிரி செம்மறியாட்டின் இதயத்தில் சில மாதங்களிலேயே உடைந்தது. மனித உடலில் உடைந்திருக்க வேண்டியது ஆட்டில் உடைந்தது. தட்டு உயர்ரக பாலித்தீனுக்கு மாறியது. அந்த நான்காவது மாதிரி 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதன் பிறகு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் மனிதரிடம் போய்ச் சேர்ந்துள்ளன. இறக்குமதி வால்வை வாங்க வழியில்லாத பல குடும்பங்களுக்கு அதுவே உயிர்.

சட்டங்கள் தாமதமாகத்தான் வந்தன. 1959இல் பிரிட்டனின் ரஸ்ஸலும் பர்ச்சும், முடிந்தால் விலங்குக்கு மாற்று, முடியாவிட்டால் எண்ணிக்கைக் குறைப்பு, வேதனைத் தணிப்பு என்ற மூன்று நெறிகளை முன்வைத்தார்கள். 1965இல் பென்சில்வேனியாவில் ஒரு குடும்பத்தின் வளர்ப்பு நாய் பெப்பர் காணாமல்போய், வியாபாரிகளின் கைமாறி, நியூயார்க் மருத்துவமனையில் பேஸ்மேக்கர் பரிசோதனையில் செத்தது. அதனால் எழுந்த கொதிப்புக்கு அடுத்த ஆண்டு அமெரிக்காவில் இயற்றப்பட்ட விலங்கு நலச் சட்டத்தில் பங்குண்டு. இந்தியாவில் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1964இல் விலங்குப் பரிசோதனைக் கட்டுப்பாட்டுக் குழு அமைந்தது. 1998இல் விதிகள் வந்தன. ஆடு, பன்றி போன்ற பெரிய விலங்குகளுக்கு நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவோடு மத்தியக் குழுவின் ஒப்புதலும் தேவை. மூன்று நெறிகளோடு மறுவாழ்வு என்ற நான்காவதையும் இந்தியா சேர்த்துக்கொண்டிருப்பது பாராட்டத்தக்கது: சோதனைக்குப் பின் பிழைத்த விலங்கைப் பராமரிப்பதும் ஆய்வாளரின் கடமை.

இப்போது விலங்கை நெருங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ளக்கூடியவை ஏராளம். பம்பின் உள்ளே ரத்தம் எங்கே தேங்கும், எங்கே கிழிபடும் என்பதைக் கணினி மாதிரிகள் காட்டுகின்றன. இறைச்சிக்கூடத்தில் கிடைக்கும் மாட்டு ரத்தத்தை ஆறு மணி நேரம் பம்பில் சுழற்றி, மணிக்கொருமுறை மாதிரி எடுத்து, எவ்வளவு ஹீமோகுளோபின் வெளியே கசிந்தது என்று அளக்கும் தரமான முறை இருக்கிறது. இவை முடியாமல் ஓர் ஆட்டைக்கூட மேசையில் ஏற்றக் கூடாது. மறுபக்கம், கணினியாலும் குழாய்ச் சுற்றாலும் சொல்ல முடியாதவையும் மிஞ்சுகின்றன. பம்பின் ஓரத்தில் ஒட்டிய கட்டி ஒரு மாதம் கழித்து மூளைக்குப் போகுமா, செயற்கைப் பரப்பைத் தொட்ட ரத்தம் உடல் முழுவதும் அழற்சியைக் கிளப்புமா என்பதற்கு முழு உயிருள்ள உடல்தான் விடை தரும். விலங்குச் சோதனையை அடியோடு இன்றே நிறுத்தலாம் என்போர், அந்தச் சோதனை அடுத்து யாரிடம் போய் நிற்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. தோற்ற சோதனைகள் பெரும்பாலும் அச்சேறுவதில்லை. நிறுவனத்தின் கோப்பில் உறங்கும் தோல்வியை அறியாமல் இன்னொரு நிறுவனம் அதே பிழைக்கு மேலும் பத்து ஆடுகளைச் செலவிடுகிறது. விலங்காய்வு முடிவுகளை எப்படி எழுத வேண்டும் என்று 2010இல் பிரிட்டனில் வகுக்கப்பட்ட அரைவ் நெறிமுறை பல இதழ்களில் ஏற்கப்பட்டுள்ளது. ஆய்வைத் தொடங்கும் முன்பே பதிவுசெய்ய நெதர்லாந்தில் 2018இல் பொதுப் பதிவேடு திறக்கப்பட்டது. மனிதச் சோதனைகளை முன்கூட்டியே பதிவுசெய்வதை இந்தியா ஏற்கெனவே கட்டாயமாக்கியிருக்கிறது. 2017ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகளின் கீழ் புதிய இதயக் கருவியை மனிதரிடம் சோதிக்க அனுமதி கேட்கும் நிறுவனங்களுக்கும், அதற்கு முந்தைய விலங்குச் சோதனைகளைப் பொறுத்தவரை அதே கடமை வர வேண்டும். எத்தனை விலங்குகள், எந்த வயது, எத்தனை நாள் உயிரோடு இருந்தன, எதனால் செத்தன, மூளையிலும் சிறுநீரகத்திலும் என்ன இருந்தது என்ற விவரங்கள் அனுமதி கிடைத்தாலும் மறுக்கப்பட்டாலும் பொதுவில் இருக்க வேண்டும். கருவியைத் தன் நெஞ்சில் பொருத்தச் சம்மதக் கையெழுத்துப் போடும் நோயாளிக்கும் அவற்றை அவர் மொழியில் படித்துக்காட்ட வேண்டும்.